அக்காவின் கையும் அந்தக் காப்பி மிஷினும்

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். கூடப் பிறந்தவன் என்ற முறையில் இந்த நினைவு மலரில் நான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், என் மச்சான், கேட்டுக்கொண்டார். "நல்லதா நாலு வரி எழுதுங்க மாப்ள" என்றார். நல்லது நாலு வரியில் அடங்காது. அதோடு கொஞ்சம் கெட்டதும் எழுத வேண்டியிருக்கிறது. அது அக்காவைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர், பத்து வருஷமாக அக்கா வீட்டில் பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர்கள். "அவ கை சுத்தமில்ல" என்று கல்யாண வீட்டிலும் பேசினீர்கள், எழவு வீட்டிலும் பேசினீர்கள். எதிரே வைத்துப் பேசவில்லை, அதுதான் நீங்கள் காட்டிய மரியாதை. அந்தப் பேரோடு அக்காவை அனுப்பியது போதும். அந்தப் பேர் எப்படி வந்தது, யாரால் வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா விக்கிரமங்கலத்தில் பிறந்தார். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் புஞ்சை. கடலையும் வரகும் போட்டு எடுத்ததுபோக, மீதி நாட்களில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றப் போவார். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஊரில் விஷக்காய்ச்சல் வந்தது. அம்மாவும் அக்காவும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. இருபது நாள் கழித்து எழுந்த அக்கா, மறுநாளே அடுப்பைப் பற்றவைத்தாராம். எனக்கு அப்போது மூன்று வயது. எனக்குச் சோறு ஊட்டியதும், மூக்கைச் சிந்திவிட்டதும், கால் கழுவிவிட்டதும் அந்தக் கைதான். அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. அதற்காக நான் ஏங்கியதும் இல்லை, அக்கா அப்படி வைத்திருந்தார்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன சமைத்தாலும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "வாசம் எப்படி இருக்கு?" என்று கேட்பார். ரசம் கொதித்தால் கேட்பார். மிளகாய் வறுத்தால் கேட்பார். நெய் உருக்கினால் இரண்டு தடவை கேட்பார். வீட்டில் இருந்தவரை அது என் வேலை. "இன்னும் பச்ச வாசம் போவலக்கா" என்றோ, "இறக்கிடுக்கா, தூக்குது" என்றோ சொல்லிவிட்டுப் போவேன். நம் சனங்கள் அதைக் கேலி செய்வார்கள். ஊர் மெச்சிக்கொண்டே இருக்க வேண்டும் அவளுக்கு என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மச்சான் பெரம்பலூரில் பஸ் டிரைவர், அரியலூர் ரூட். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். ஒரே மகள். அவளுக்குப் பேர் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து எனக்குத் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்ததும், நானும் அந்த வீட்டிலேயே ஒரு மூலையில் பாய் விரித்துக்கொண்டேன். மச்சான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் அந்த மிஷின் வந்தது. மச்சானின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தார். பெரிய சொம்பு அளவுதான் இருக்கும். அடியில் மோட்டார், மேலே சில்வர் கிண்ணம், கிண்ணத்தின் நடுவில் இரண்டு பக்கமும் கூராக ஒரு பிளேடு. மூடியைப் போட்டு அழுத்திப் பிடித்தால் ஓடும், கையை எடுத்தால் நிற்கும். காப்பிக்கொட்டை அரைப்பதற்கென்று செய்தது. மச்சானுக்குக் காப்பி என்றால் உயிர். மலையிலிருந்து வரும் கொட்டையைத் துறையூரில் யாரையோ பிடித்து வாங்கிவருவார். அக்கா அதைக் கருக்காமல் வறுத்து, மிஷினில் போட்டு அழுத்துவார். வீடே அதிரும். அரை நிமிஷத்தில் தூள்.

அந்த மிஷினில் ஒரு கோளாறு இருந்தது, வாங்கிக்கொடுத்தவர் அதைச் சொல்லவில்லை. கிண்ணம் தனியாகக் கழன்று வராது. மோட்டாரோடு சேர்ந்தே இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது, துடைக்கத்தான் முடியும். எதையும் புளி போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிப் பழகிய நமக்கு, இப்படி ஒரு பாத்திரத்தை வீட்டில் வைத்திருப்பதே அசிங்கம். எனக்கு அப்படித்தான் பட்டது. இயற்கையிலேயே நான் அருவருப்புக்காரன். தலைமுடி ஒன்று சோற்றில் கிடந்தால் அன்றைக்கு ராத்திரியும் சாப்பிட மாட்டேன்.

இந்த லட்சணத்தில் தெருவே அந்த மிஷினைத் தேடி வந்தது. சீயக்காயைக் கொண்டுவருவார்கள். பிள்ளைக்குப் பூச வசம்பைக் கொண்டுவருவார்கள். ஒரு பெரியவர் புகையிலையை வறுத்து எடுத்துக்கொண்டு வந்தார், மூக்குப்பொடிக்காம். மாட்டுக்குக் கழிச்சல் என்று ஏதோ காய்ந்த வேரைக் கொண்டுவந்த புண்ணியவானும் உண்டு. அக்காவுக்கு யாரையும் இல்லை என்று திருப்பி அனுப்பத் தெரியாது. சிரித்த முகத்தோடு வாங்கி அரைத்துக் கொடுப்பார். நான் கத்துவேன்.

"ஏங்க்கா, இது என்ன வூடா, மாவு மில்லா? இதுலயே நம்ம காப்பிக்கொட்டயும் போடுவியா?"

"தொடச்சிட்டுத்தான்டா போடுவேன். அவங்க வூட்ல இல்ல, கேக்குறாங்க. அரை நிமிஷ வேலை."

அவர் துடைத்த விதத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். முதலில் உலர்ந்த துணியால் துடைப்பார். பிறகு ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு அரைத்து, அந்த மாவைக் கோழிக்குக் கொட்டிவிடுவார். மறுபடியும் அரிசி, மறுபடியும் கோழிக்கு. பிளேடுக்கு அடியில் துணியைத் திரியாக முறுக்கி விட்டு இழுப்பார். பிறகு கிண்ணத்தை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கடைசியில் வெயிலில் வைத்து, வெள்ளைத் துணி ஒன்றை நான்காக மடித்து மூடிவைப்பார். இதற்கு மேல் சுத்தம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட கையைத்தான் சுத்தமில்லை என்றீர்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எனக்குப் பாடாலூர்ப் பக்கம் பெண் பார்த்தோம். பெண் பிடித்திருந்தது. என்னை அவர்களுக்கும் பிடித்திருந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க அக்கா வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தம் சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். சோறு மட்டுமல்ல, காப்பித்தண்ணிக்கும் அதே கதைதான். டம்ளர் காலியானால் அன்றைக்கே நாள் குறிக்கலாம். டம்ளர் அப்படியே இருந்தால் எழுந்து போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் அக்கா அந்தக் காப்பிக்கு உயிரைக் கொடுத்தார். புதுக் கொட்டை வறுத்தார். முந்தின நாள் மத்தியானமே மிஷினை நான் சொன்ன முறையில் சுத்தம் செய்து, வெயிலில் காயவைத்து, துணி மூடி வைத்தார். சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பூவும் பழமும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். மறுநாள் மச்சானுக்கு டூட்டி. மாற்று டிரைவர் கிடைக்கவில்லை, காலையிலேயே பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுப் பெரியவராக அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒத்தாசைக்கு அத்தை வந்திருந்தார். அப்பாவின் கூடப் பிறந்த அத்தைதான். ஒத்தாசை என்று சொல்கிறேனே தவிர, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

பெண்ணின் அப்பா, தாய்மாமன், பெரியம்மா, சித்தி என்று நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வீடு பிடித்திருந்தது. பேச்சு நல்லவிதமாகப் போயிற்று. உள்ளே அக்கா கொட்டையை அரைத்து, டிக்காஷன் இறக்கி, பால் கலந்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டார்.

"அத்தை, வாசம் எப்படி இருக்கு பாருங்க."

"ஆமாம், இப்பவும் ஒன்ன மெச்சணுமாக்கும். கொண்டு போய்க் குடுடி, வந்தவங்க காத்திருக்காங்க" என்றார் அத்தை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். எல்லோரும் டம்ளரைக் கையில் எடுத்தார்கள். பெண்ணின் பெரியம்மா வாய்க்குக் கிட்டே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். முகம் ஒரு மாதிரி கோணியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தாய்மாமன் ஒரு வாய் குடித்துவிட்டார், பாவம். எழுந்து வாசலுக்கு ஓடித் துப்பினார். காப்பியில் கூனி இறால் கருவாட்டின் நாற்றம். சூடான பாலில், சர்க்கரையில், கூனி.

அக்கா மட்டும் தட்டை வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். "சக்கரை பத்தலைங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அவர்களுக்கு இன்னும் கோபம் வந்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"நாங்க இன்னொரு நாள் வரோங்க" என்று பெண்ணின் அப்பா எழுந்தார். என் அப்பா கும்பிட்டபடியே தெருமுனை வரை பின்னால் போனார். நான்கு டம்ளரும் காலியாகாமல் பாயின் மேல் இருந்தன.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "அவ கையே அப்படித்தான். கண்ட கழிசடையும் அரைக்கிற மிஷினு. கருவாட்டை அரைச்சிட்டுக் கழுவாம காப்பியப் போட்டிருக்கா. சுத்தபத்தம்னா என்னன்னு சொல்லிக்குடுக்க ஆத்தா இருந்தாத்தானே."

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்திருப்பார். சொன்னேன். ஒரு டம்ளரை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "சீ, இதை மனுசன் குடிப்பானா" என்று வாசல் சாக்கடையில் வீசி ஊற்றினேன். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். அக்கா உள்ளே போய்விட்டார்.

அத்தை இன்றைக்கும் நலமாக இருக்கிறார். இந்த மலர் அவர் கைக்கும் வரும். எழுத்து தெரியாது என்று ஒதுக்கிவைக்க வேண்டாம், யாரையாவது விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். அன்றைக்கு விக்கிரமங்கலத்துக்குப் பஸ் ஏறியவர், இறங்குவதற்குள் பாதிச் சொந்தத்துக்குச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "இப்பத்தான் குடிச்சிட்டு வரோம்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். வீட்டு விசேஷங்களில் அக்காவை அடுப்பங்கரைப் பக்கம் விட மாட்டார்கள். "நீ வாசல்ல நின்னு பன்னீர் தெளி, ஒனக்குத்தான் சிரிச்ச முகம்" என்பார்கள். கேட்பதற்கு எவ்வளவு நாகரிகம் பாருங்கள்.

அந்தச் சம்பந்தம் போயிற்று. எனக்குப் பெண் அமைய வேண்டும் என்று அக்கா சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வாரம் தவறாமல் நடந்து போய் விளக்குப் போட்டார். இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என்னை வளர்த்தவர் என் கல்யாணத்தில் ஒரு கரண்டியைத் தொடவில்லை. காலையிலிருந்து மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றார். போகிற வருகிற எல்லோருக்கும் தெளித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம், ஆபீஸ் வேலையாக அந்தப் பக்கம் போனவன் அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா சாம்பார்ப் பொடிக்குக் கொத்தமல்லியை அரைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கரண்ட் மட்டம். மிஷின் ஓட முடியாமல் முனகியது. அக்கா மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வாடா, சாப்புட்டியா, பொண்டாட்டி சௌக்கியமா" என்று பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே மோட்டாரின் காயில், அந்தக் கம்பிச்சுருள், எரிகிற நாற்றம் வாசலிலேயே என் மூக்கில் அடித்தது. ரப்பரும் மெழுகும் சேர்ந்து பொசுங்குகிற நாற்றம். பக்கத்து வீட்டிலிருந்துகூட ஒரு அம்மாள் "என்னா கருகுது?" என்று கேட்டார். மிஷினுக்கு ஒரு முழத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒன்றும் இல்லை.

நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். "மோட்டாரு எரியுதுக்கா. ஒனக்கு நாத்தம் தெரியல?"

அக்கா மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியாதுடா."

"என்ன தெரியாது?"

"எந்த நாத்தமும் தெரியாது. வாசமும் தெரியாது. அம்மா செத்தப்ப எனக்கும் காச்ச வந்துச்சில்ல, அதோட போயிருச்சி. உப்பு, ஒறப்பு, புளிப்பு நாக்குக்குத் தெரியும். மத்ததெல்லாம் உங்களக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கறது."

வாசம் எப்படி இருக்கு, வாசம் எப்படி இருக்கு என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டது எங்களை மெச்சவைப்பதற்கு அல்ல. எங்கள் மூக்கைக் கடன் வாங்கித்தான் அவர் எங்களுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறார்.

"மச்சானுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான மூணாம் நாளே கண்டுபுடிச்சிட்டாரு. சோறு அடிபிடிச்சிக் கருகுது, நான்பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தேன். அவரு ஒன்னும் கேக்கல, அடுப்ப அணைச்சிட்டுப் போயிட்டாரு. அன்னியிலேருந்து வூட்ல இருந்தாருன்னா அடுப்பங்கரையில வந்து ஒரு தடவ நின்னுட்டுத்தான் போவாரு. அன்னிக்குத்தான் அவரு டூட்டிக்குப் போயிட்டாரு."

அன்றைக்கு என்று அவர் சொன்னது எந்த நாளை என்று நான் கேட்கவில்லை.

இப்போது உங்களிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் கூனியை மிஷினில் போட்டு அரைத்தது நான்.

பெண் வீட்டார் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, என் ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்தார்கள். துபாய் மிஷினைக் காட்டச் சொன்னார்கள். எதைப் போட்டாலும் மாவாக்கும் என்று நான் பீற்றிக்கொண்டேன். "கூனிய மாவாக்குமா?" என்று ஒருவன் கேட்டான். எனக்குக் கூனிப்பொடி என்றால் கொள்ளை ஆசை. அடுப்பங்கரையில் தொங்கிய பையிலிருந்து ஒரு பிடி எடுத்து, இரண்டு மிளகாயும் சேர்த்துப் போட்டு அழுத்தினேன். மாவாகிவிட்டது. மூன்று பேரும் வழித்துத் தின்றோம். தோளில் கிடந்த துண்டால் கிண்ணத்தை ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு, அக்கா மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை அதேபோல மடித்து மூடிவிட்டேன். அக்கா அதைப் பார்த்து, நேற்று தான் வைத்தது வைத்தபடி இருக்கிறது என்று நம்பினார்.

டம்ளரை மோந்த அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் "சீ" என்றேன். தெரிந்துகொண்டுதான் சாக்கடையில் ஊற்றினேன். பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் அரைத்தது தப்பு என்றால், மோந்து பார்க்காமல் காப்பிக்கொட்டையைப் போட்டது அவர் தப்பில்லையா, மூக்கு இருக்கிற எவளும் கண்டுபிடித்திருப்பாளே என்று. அந்தச் சமாதானத்தைச் சொல்லிக்கொண்டுதான் அத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன். தலைமுடிக்குச் சோற்றைத் தள்ளுகிற அருவருப்புக்காரன், என்னோடு நானே சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறேன். மிஷின் கருகிய மத்தியானத்தோடு அந்தச் சமாதானமும் கருகிப் போயிற்று.

"அக்கா, அன்னிக்கு அந்தக் கூனிய…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா. பொறவு தொடைக்கறப்ப பிளேடுக்கு அடியில ஒரு கூனி மீசை ஒட்டிக்கிட்டிருந்துச்சி. நம்ம வூட்ல அத ஆசையா திங்கிறவன் நீ ஒருத்தன்தானே."

"அப்பறம் ஏன்க்கா சொல்லல? அத்தை அவ்வளவு பேசிச்சே."

"சொன்னா, சரி அவன் அரைச்சான், நீ மோந்து பாக்காம எப்படிப் போட்டேன்னு கேப்பாங்க. அதுக்கு என்னடா சொல்றது?"

"உள்ளதச் சொல்ல வேண்டியதுதானே."

அக்கா மூடியைத் திறந்து கொத்தமல்லியைத் தாளில் கொட்டினார். "பாப்பா வளந்துக்கிட்டு வரா. கை சுத்தமில்லாதவன்னு சொன்னா, அது என்னோட போயிரும். மூக்கு செத்தவன்னு சொன்னா, ஆத்தாளுக்கு இருக்குற கொறை மகளுக்கும் இருக்கும்பாங்க. எவன் வந்து கட்டுவான்? காச்சல்ல போனதுன்னு நான் எத்தனை வூட்டுக்குப் போயி சொல்லிக்கிட்டிருப்பேன்? போவட்டும்டா, அழுக்குன்னே இருந்துட்டுப் போறேன்."

நான் அரைத்தேன் என்பதையாவது எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த ஒன்றைச் சொன்னாலே அடுத்த கேள்வி அவர் மூக்கில் வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அக்கா கேட்டார் என்பது உண்மை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது என்பதும் உண்மை.

மிஷினைக் கடையில் கொடுத்து மோட்டாருக்குக் காயில் கட்டினோம். அது மறுபடியும் ஓடியது. பாப்பாவுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. கல்யாணத்தன்றும் அக்கா வாசலில்தான் நின்றார், சொந்த மகள் கல்யாணத்தில். "இனிமே சொல்லலாமாக்கா?" என்று கேட்டேன். "அவளுக்குப் பொறக்கப் போறது பொண்ணோ என்னவோ, இருடா" என்றார்.

போன வருஷம் அக்காவுக்குக் கால் வீங்கியது. திருச்சிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகம் என்றார்கள். பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த வார்டின் நாற்றம் தாங்காமல் நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பார். "இங்க எல்லாரும் மூஞ்சியச் சுளிக்கிறீங்க. எனக்கு ஒன்னுமே இல்ல பாரு, ஒரு நல்லதாச்சும் நடந்துச்சே" என்றார். கடைசிக்கு முந்தின நாள் மச்சான் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார். வாசம் எப்படி இருக்கு என்று. "தூக்குதுக்கா" என்றேன். அதற்குப் பிறகு அக்கா எதையும் விரும்பிக் கேட்கவில்லை.

இதை எழுதலாமா என்று பாப்பாவிடம் கேட்டேன். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. முழுவதையும் படித்தாள். "எழுதுங்க மாமா. எனக்கு மூக்கு நல்லாவே இருக்கு. என் மாமியார் வூட்ல கேட்டா நான் பேசிக்கிறேன். எங்கம்மாவ அழுக்குன்னு சொன்னவங்க இன்னியோட வாயக் கழுவட்டும்" என்றாள். மச்சானும் படித்தார். நாலு வரிக்கு மேல் போய்விட்டதே என்று மட்டும் சொன்னார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். திருச்சியில் அக்காவை முகம் சுளிக்காமல் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸம்மாக்களுக்கு நன்றி. நேரம் காலம் பார்க்காமல் வண்டி கொடுத்த மச்சானின் டிப்போ சிநேகிதர்களுக்கு நன்றி. வசம்பும் சீயக்காயும் அரைத்துக்கொண்டு போய், கடைசிவரை அக்கா வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்த பஸ் ஸ்டாண்டுத் தெருச் சனங்களுக்கு நன்றி. உங்களைத்தான் அன்றைக்கு நான் அசிங்கம் என்று நினைத்தேன், மன்னிக்க வேண்டும். அடுப்பங்கரை வாசலில் நின்று மோந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்க்கொண்டே இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய மச்சானுக்கு நான் நன்றி சொல்வது மரியாதையாக இருக்காது.

கடைசியாக உறவினர்களுக்கு. கருமாதி அன்று விருந்து முடிந்ததும் உங்களுக்குக் காப்பி கொடுத்தோம். நன்றாக இருக்கிறது என்று நிறையப் பேர் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினீர்கள். "இது எந்தக் கடைத் தூளுடா, இப்படி மணக்குது?" என்று அத்தை என்னைக் கேட்டார். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். அது கடைத் தூள் அல்ல. அக்கா வறுத்து டப்பாவில் மிச்சம் வைத்துவிட்டுப் போன கொட்டை. அதே மிஷினில், அக்கா செய்தபடியே இரண்டு தடவை பச்சரிசி போட்டு எடுத்து, துணித்திரி விட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அத்தனை பேருக்கும் நானே என் கையால் அரைத்தேன். பத்து வருஷம் கழித்து அக்கா வீட்டில் கை நனைத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி.